யாரும் சொல்லி அனுப்பாத குடை

போன வாரம் நாம் இந்த வீட்டை விட்டுக் கிளம்பியபோது பெரியவன் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று அப்பா எழுதியது, ஒன்று அம்மா எழுதியது. இரண்டையும் படித்துவிட்டு அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

நடுவில் ஒரு வாசகி கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். ‘ஒரே வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பதினாலு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பார்களா? எங்கள் காதில் பூ சுற்றுகிறீர்களே’ என்று. இருப்பார்கள் அம்மா. உங்கள் தெருவிலேயே தேடினால் இரண்டு வீடு கிடைக்கும். நடுவில் ஒரு பிள்ளை இருந்துவிட்டால் போதும், ஆயுசு முழுக்கப் பேசாமல் ஓட்டிவிடலாம்.

புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. அப்பா, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயரே மீட்டர்காரர்தான். அம்மா, பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் காலரக்கா. வீட்டுக்கும் வேலை கொண்டுவந்து தைப்பாள். பெரியவன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், கல்யாணமாகித் தனியாக இருக்கிறான். இளையவள் பாப்பா. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பதினோரு மாதத்துக்கு முன்னால், ஆராய்ச்சிக்காக வீடு வீடாகக் கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பஸ் கவிழ்ந்தது. இருபத்தாறு வயதோடு அவள் கணக்கு முடிந்துவிட்டது.

பேச்சு நின்றது எப்படி? காலரக்காவின் அப்பா இறந்த செய்தி காலையிலேயே மீட்டர்காரரின் ஆபீசுக்குப் போனில் வந்தது. அதை அவர் சாயந்திரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் மனைவியிடம் சொன்னார். அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெற்ற தகப்பன் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. “ஏன் காலையிலயே சொல்லலை?” என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் திறக்கவில்லை.

அன்றிலிருந்து பாப்பாதான் தூது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

விபத்துக்கான நஷ்டஈடு அப்பா அம்மா இருவர் பெயரிலும் சேர்ந்து வந்திருந்தது. அந்தப் பணத்தில் ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட இருவருக்கும் மனசு வரவில்லை. பாப்பா படித்த சமூகவியல் துறைக்கே கொடுத்துவிடலாம் என்று இருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, பாருங்கள். என்ன காரியத்துக்குக் கொடுப்பது என்பதில்தான் வம்பு. பாப்பா பெயர் பொறித்த தங்கப் பதக்கம், வருஷம் ஒரு மாணவருக்கு என்று அப்பா எழுதியிருந்தார். வெளியே போய் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்குப் பஸ் கூலியும் மத்தியானச் சாப்பாடும் என்று அம்மா எழுதியிருந்தாள். “அம்மா என்ன சொன்னா?” என்று கேட்ட அப்பாவிடம் பெரியவன், “சரின்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டான். அப்பா என்ன சொன்னார் என்று கேட்ட அம்மாவிடமும் அதையே சொன்னான். சண்டை வேண்டாமே என்றுதான். ஆனால் இன்றைக்குத் துறைக்குப் போய் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

*

மத்தியானம் பன்னிரண்டரை மணி. மீட்டர்காரர் கூடத்தில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி, தையல் மிஷின் பக்கத்தில் காலரக்கா நின்றாள். நடுவில் பெரியவன்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, ஒண்ணேகால் பஸ்ஸாம். அதை விட்டா மூணு மணிக்குத்தான்.”

“அவருக்குக் காது நல்லாத்தாம்மா இருக்கு. கேட்டிருக்கும்.”

“நான் உன்கிட்டதான் சொன்னேன்.”

“சரி. அப்பா, ஒண்ணேகால் பஸ்.”

“அதான் கேட்டுச்சே,” என்றார் மீட்டர்காரர். “உங்கம்மாகிட்ட கேளு, பேங்க் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டாளான்னு.”

“எடுத்தாச்சுன்னு சொல்லு.”

பெரியவன் இந்தப் பதினோரு மாதத்தில் இளைத்திருந்தான். ஒரு நாளைக்கு நாலு லிஃப்டில் ஏறி இறங்குகிற உடம்பு, இந்தப் பத்தடியில் களைத்துப் போகிறது. பாப்பா இதைப் பதின்மூன்று வருஷம் எப்படிச் செய்தாள்? ஒரு நாள் முகம் சுளித்து அவன் பார்த்ததில்லை.

காலரக்கா மிஷின் மேலிருந்த மேஜை விளக்கை அணைத்தாள். கிளம்புகிற அவசரத்திலும் ஒரு துணியை எடுத்து அதன் மூடியைத் துடைத்தாள். பச்சை மூடி போட்ட சின்ன விளக்கு. அவள் கண்ணுக்கு ஆகவேண்டும் என்று மீட்டர்காரர் வாங்கிக் கொடுத்தனுப்பியது, பாப்பா கையில். மூன்று வருஷமாகத் தினமும் துடைக்கிறாள். அவரோடு பேசமாட்டாள், விளக்கைத் துடைப்பாள். மனுஷ மனசு அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய?

மீட்டர்காரர் கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்தார்.

“எதுக்குப்பா? வெயில் மண்டையைப் பொளக்குது. மழை வந்து ரெண்டு மாசம் ஆச்சு.”

“இருக்கட்டும்டா.”

வேலையில் இருந்தபோது ஆபீசிலும் அவரை இப்படித்தான் கேலி செய்வார்கள். கோடையிலும் குடையோடு வருகிற ஆள். ஏன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வெளியே போகும்போதெல்லாம் குடையைக் கையில் எடுத்ததும் ஒரு நொடி மனைவி இருக்கும் பக்கம் பார்ப்பார், எடுத்துக்கொண்டேன், பார்த்துக்கொள் என்பதுபோல. காலரக்கா ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்றும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பெரியவன் நினைத்திருந்தான். அப்பா முன்னால் ஓர் இடத்திலும் அம்மா பின்னால் ஓர் இடத்திலும் உட்கார்ந்தார்கள். அவன் நடுவில் நின்றுகொண்டே வந்தான்.

*

சமூகவியல் துறை அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று ஓர் அட்டை. அட்டையே பழுத்துப் போயிருந்தது.

“ரெண்டு மணி நேர வேலை,” என்று பெரியவன் பல்லைக் கடித்தான். “கேட்டிருந்தா நானே வந்து பார்த்திருப்பேனே. பாப்பா தினமும் மூணு மாடி படியேறியிருக்கா.”

மூவரும் படியேறினார்கள். சுவர் முழுக்கப் பழைய அறிவிப்புகள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் காலரக்கா கைப்பிடியில் கை வைத்து நின்றாள். மூச்சு வாங்கியதற்காக மட்டும் இல்லை. பெண் பிடித்து ஏறிய கைப்பிடி.

துறைத்தலைவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பாப்பாவுக்கு ஆராய்ச்சி வழிகாட்டியும் அவர்தான். எழுந்து வந்து காலரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். மேஜைக்கு எதிரே மூன்று நாற்காலி போட்டிருந்தது. சொல்லவேண்டுமா, நடு நாற்காலியில் பெரியவன்.

“நான் இங்க வந்து பன்னெண்டு வருஷத்துல எங்க துறைக்குன்னு ஒருத்தர் தேடி வந்து குடுக்கறது இதுதாங்க முதல் தடவை,” என்றார் துறைத்தலைவர். “மருத்துவத்துக்குக் குடுக்கறாங்க, இன்ஜினியரிங்குக்குக் குடுக்கறாங்க. சமூகவியலுக்கு யாரு குடுப்பா? எங்களுக்குப் பெரிய மிஷினெல்லாம் கெடையாது. தெருதான் எங்க ஆய்வுக்கூடம், பஸ் டிக்கெட்தான் எங்க கருவி.”

“மீட்டர் இல்லாத மீட்டர் ரீடிங்,” என்றார் மீட்டர்காரர். “நான் அப்படித்தான் சொல்லிக் கிண்டல் பண்ணுவேன் அவளை. நான் வாசலோட திரும்பிடுவேன், அவ சமையல்கட்டு வரைக்கும் போவா.”

“நல்லாச் சொன்னீங்க,” என்று சிரித்தார் அவர். பிறகு சிரிப்பு நின்றது. பெரியவன் முன்பே அனுப்பிவைத்திருந்த இரண்டு கடிதங்களையும் மேஜை மேல் பக்கம் பக்கமாக வைத்தார். “ஆனா இதுல ரெண்டு விதமா எழுதியிருக்கு. ஒண்ணு பதக்கம், ஒண்ணு சாப்பாடு. ரெண்டுக்கும் பணம் போதாது. ‘நோக்கம்’னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு, அதுல ஒண்ணைத்தான் எழுதணும். அதுக்குக் கீழ ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஐந்து நிமிடம்.

“திங்கட்கிழமை மூணு பிள்ளைங்க வெளியூருக்கு ஆய்வுக்குக் கிளம்பறாங்க,” என்று அவர் தொடர்ந்தார். “பயணப்படியை நிறுத்திட்டாங்க. இதுல ஒரு பொண்ணு, பணம் இல்லாததால போகலைன்னு நேத்து எழுதிக் குடுத்துட்டா. அதுக்காகச் சாப்பாடுன்னே எழுதுங்கன்னு நான் சொல்லக் கூடாது. உங்க பணம், உங்க பொண்ணு. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவைச் சொல்லுங்க.”

பேசி! மீட்டர்காரர் பெரியவனைப் பார்த்தார். காலரக்காவும் பெரியவனைப் பார்த்தாள்.

“உங்கப்பா சாப்பாட்டுக்குச் சரின்னார்னு நீதானேடா சொன்னே?”

“உங்கம்மா பதக்கத்துக்குச் சரின்னான்னு என்கிட்ட சொன்னே?”

“சொன்னேன்!” பெரியவன் எழுந்துவிட்டான். “ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். பொய்தான். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? காலையில வந்தா அவர்கிட்ட சொல்லு, சாயந்திரம் வந்தா அவகிட்ட கேளு. எனக்குப் பாப்பா மாதிரி வராது! ஒண்ணு சொன்னா ஒண்ணுதான் வருது எனக்கு. பாப்பா இருந்திருந்தா...”

திரும்ப உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

துறைத்தலைவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, கயிறு கட்டிய ஒரு தாள் கட்டை எடுத்தார்.

“இதை இன்னைக்குக் குடுக்கறதா வேணாமான்னு காலையில இருந்து யோசிச்சிட்டிருக்கேன். உங்க பொண்ணோட ஆய்வு. பேச்சு நின்னுபோன வீடுகளைப் பத்தி. மொத்தம் பன்னெண்டு வீடு. நாங்க யார் பேரும் எழுத மாட்டோம், நம்பர்தான். துறை சார்புல இதைப் புஸ்தகமாப் போடலாம்னு இருக்கோம். ஆனா இந்த ஒரு பகுதி மேல அவ கைப்பட எழுதி வெச்சிருக்கா. ‘வீடு எண் ஒன்பதில் இருப்பவர்கள் படித்துவிட்டுச் சரி என்றால் மட்டும் சேர்க்கவும்.’ அது எங்க தொழில் தர்மமும்கூட. நான் உங்ககிட்ட காட்டித்தான் ஆகணும்.”

“எங்க வீடு ஒன்பது இல்லீங்களே,” என்றார் மீட்டர்காரர். முப்பது வருஷம் கதவு எண் பார்த்து நடந்த மனிதர். “இருபத்தொண்ணு. பழைய நம்பர் பதினாலு.”

“தெரு நம்பர் இல்லீங்க. யார் வீடுன்னு வெளியில தெரியக் கூடாதுன்னு நாங்க போடற நம்பர்.”

மீட்டர்காரர் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். காலரக்காவுக்குச் சின்ன எழுத்து இப்போதெல்லாம் தெரிவதில்லை. தாள் கட்டு நடு நாற்காலிக்கு வந்தது. பெரியவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கை எழுதியதைப் படித்தான்.

“‘வீடு எண் ஒன்பதில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. செய்திகளை மகள் கொண்டுபோகிறாள். அந்த மகள் நானே. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

“‘மனைவி சொல்வது: சோறு மேஜையில இருக்கு, வேணும்னா திங்கச் சொல்லு. மகள் கொண்டுபோவது: அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க. கணவன் சொல்வது: அந்த மிஷின் சத்தத்தை நிறுத்தச் சொல்லு. மகள் கொண்டுபோவது: அம்மா, இவ்வளவு நேரம் தைச்சா முதுகு என்னத்துக்கு ஆகும்னு அப்பா கேக்கறார்.’”

மீட்டர்காரர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. “கள்ளி,” என்றார். காலரக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“‘மூன்றாம் ஆண்டிலிருந்து, யாரும் சொல்லாத செய்திகளையும் மகள் கொண்டுபோகத் தொடங்கினாள்.’” பெரியவன் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். “‘முதலாவது ஒரு குடை. கணவன் வேலையில் மழையில் நனைந்து ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார். பள்ளிக் கட்டுரைப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணத்தில் மகள் ஒரு குடை வாங்கினாள். அம்மா வாங்கிக் குடுத்தாங்க, தினமும் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க என்றாள். அவர் அதன் பிறகு குடை இல்லாமல் வெளியே போனதே இல்லை. அப்படி ஒரு செய்தி போனது மனைவிக்கு இன்றுவரை தெரியாது.’”

மீட்டர்காரரின் கை, நாற்காலியில் மாட்டியிருந்த குடையின் பிடியில் இருந்தது. கையை எடுத்துவிட்டார்.

“போதும்டா,” என்றாள் காலரக்கா.

“படி,” என்றார் மீட்டர்காரர்.

“‘கடைசியாக ஒரு மேஜை விளக்கு. மனைவியின் கண் கெட்டுக்கொண்டிருந்தது. ஆராய்ச்சி உதவித்தொகையிலிருந்து மகள் அதை வாங்கி, அப்பா குடுத்தனுப்பினார் என்றாள். நாற்பது நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டதில் விளக்கின் விலை சேர்ந்துவிட்டது. மனைவி அந்த விளக்கைப் போடும்போது முகம் மாறுவதை மகள் பார்த்திருக்கிறாள்.

“‘வீட்டைப் பற்றி எழுதும் ஆய்வாளர் வீட்டில் இருந்ததை மட்டுமே எழுத வேண்டும். இந்த வீட்டில் இருந்த அன்பில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு நானாகச் சேர்த்தது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இதை இந்த ஆய்வின் குறையாகக் கொள்ள வேண்டும்.’”

பெரியவன் தாளை மடியில் வைத்துவிட்டான்.

மீட்டர்காரர் எழுந்தார். எழுபதை நெருங்குகிற முகம் அந்த ஒரு நிமிடத்தில் எண்பதாகியிருந்தது.

“உங்கம்மாகிட்ட சொல்லு,” என்று ஆரம்பித்தார். என்ன சொல்லச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். படியில் செருப்புச் சத்தம் கீழே கீழே இறங்கியது. குடை நாற்காலியிலேயே தொங்கியது.

காலரக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. துறைத்தலைவரிடம்தான் பேசினாள்.

“சாப்பிட்டியாடின்னு தினமும் கேப்பேம்மா. வயிறு நெறைய சாப்பிட்டேம்மான்னு சொல்லுவா. மத்தியானம் பட்டினி கெடந்திருக்கான்னு அவ கூடப் படிச்ச பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் சாப்பாடுன்னு எழுதினேன். ஏன் பட்டினி கெடந்தான்னு தெரியாதே எனக்கு! என் வெளக்குக்கா? என் பாழாப்போன கண்ணுக்கா?”

“அழாதீங்கம்மா.”

“ஒவ்வொரு தரம் வெளக்கைப் போடறப்பவும் நெனப்பேன், வெளியில கல்லா இருந்தாலும் இந்த மனுஷனுக்கு உள்ளுக்குள்ள நம்ம மேல ஏதோ இருக்குன்னு. அதை நம்பித்தாம்மா அந்த வீட்ல இருந்தேன். இல்லாட்டி எப்பவோ போயிருப்பேன்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ உறைத்தது. தொங்கிக்கொண்டிருந்த குடையைப் பார்த்தாள். துணி வெளுத்து, கம்பி முனை இரண்டில் அவளுடைய தையல் நூலாலேயே கட்டுப் போட்டிருந்தது. பெட்டியிலிருந்து நூல் காணாமல் போனதற்குப் பாப்பாவைத் திட்டியிருக்கிறாள். அவர் எடுத்திருக்கிறார். இதைச் சரிசெய்ய எடுத்திருக்கிறார்.

பதினொரு வருஷம். வெயிலில், கேலிக்கு நடுவில். அவரும் எதையோ நம்பித்தானே அந்த வீட்டில் இருந்திருக்கிறார்?

காலரக்கா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

மூன்று மாடியையும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. மீட்டர்காரர் பஸ் நிற்கும் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கை இரண்டும் வெறுமையாக இருந்ததால் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடப்பவர் மாதிரி இருந்தது.

கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? அந்தச் சொல்லே நாக்கில் துருப்பிடித்திருந்தது.

“ஏங்க!”

அவர் திரும்பவில்லை. யாரோ ஒருத்தி தன் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து இன்னும் ஓரமாக ஒதுங்கி நடந்தார். அவர் என்ன செய்வார், பாவம். பதினாலு வருஷமாக அது அவருக்கு இல்லாத அழைப்பு.

“ஏங்க, உங்களைத்தான்!”

மீட்டர்காரர் நின்றார். திரும்பினார். முதலில் அவள் பக்கத்தில் பெரியவன் இருக்கிறானா என்று பார்த்தார். இல்லை. அவள் மட்டும்தான்.

காலரக்கா மூச்சு வாங்க வந்து நின்றாள். “குடையை விட்டுட்டு வந்துட்டீங்க.”

“அது...” அவர் குடையைப் பார்த்தார். “அது நீ குடுத்ததுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“நான் குடுக்கலை.”

“ம்.”

“இப்பக் குடுக்கறேன். இந்தாங்க.”

அவர் உடனே வாங்கவில்லை. அவளையே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

“அந்த வெளக்கு,” என்றார், “நான் வாங்கலை. வாங்கியிருக்கணும். எனக்குத் தோணலை.”

“எனக்கும் குடை தோணலையே.”

மேலே மூன்றாவது மாடி ஜன்னலில் பெரியவனின் தலை தெரிந்தது. “அம்மா! மணி மூணே முக்கால்! கட்டத்துல என்னம்மா எழுதட்டும்?”

காலரக்கா நிமிர்ந்து, நெற்றிக்கு மேல் கை வைத்து அவனைப் பார்த்தாள்.

“இருடா! உங்கப்பாவைக் கேட்டுச் சொல்றேன்!”

ஜன்னலில் இருந்த தலை அப்படியே நின்றது. அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“என்ன எழுதச் சொல்றீங்க?”

“பதக்கம் கேட்டது,” என்று மீட்டர்காரர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், “அவ பேரை யாராவது வருஷத்துக்கு ஒரு தரமாச்சும் சத்தமாச் சொல்லணும்னுதான். வீட்ல யாரும் யாரையும் கூப்பிடறதில்லையா, அவ பேரு காதுல விழறதே இல்லை.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இனிமே எந்தப் புள்ளையும் பட்டினியாப் போய்க் கேள்வி கேக்க வேணாம். சாப்பாடுன்னே எழுதச் சொல்லு.”

“சாப்பாடுன்னு எழுதச் சொல்றார்!” என்று காலரக்கா மேலே பார்த்துக் கத்தினாள். “அவ பேரைப் பெரிசா எழுதணுமாம்! வந்து கையெழுத்துப் போடறோம்!”

“சரிம்மா!” என்றது மேலிருந்து ஒரு குரல். அது அழுகிற குரல்.

இருவரும் கட்டடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் பழக்கம் விட்டுப் போயிருந்ததால் ஒருவர் முந்துவதும் ஒருவர் நிற்பதுமாக இருந்தது. முதல் படிக்கு முன்னால் காலரக்கா நின்றுவிட்டாள். கையெழுத்துக்கு முன்னால் இதைக் கேட்டுவிட வேண்டும். இப்போது கேட்காவிட்டால் அவளால் எப்போதும் கேட்க முடியாது.

“எங்கப்பா போன அன்னைக்கு, காலையிலயே தெரிஞ்சும் ஏங்க சொல்லலை?”

மீட்டர்காரர் அவளை வியப்பாகப் பார்த்தார்.

“அதைத்தான் மறுநாளே சொல்லி அனுப்பினேனே.”

“யார்கிட்ட?”

“பாப்பாகிட்ட. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளைக் கூப்பிட்டு உக்காரவெச்சு, ஏன் சொல்லலைன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். அம்மாகிட்ட போய் அப்படியே சொல்லுடான்னு அனுப்பினேன். போயிட்டு வந்து, ‘சொல்லிட்டேம்ப்பா’ன்னா. நீ எல்லாத்தையும் கேட்டுட்டும் மனசு எறங்கலைன்னுதான் நான் இத்தனை வருஷமா...”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு நின்றது.

“அவ உன்கிட்ட சொல்லலையா?”

காலரக்கா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.